கவனத்தின் எல்லையும் சாலையின் கடமையும்

நடத்தல் என்பது மூளையின் முழுக் கவனத்தைக் கோராமல் பழக்கத்தால் தானே நிகழும் செயல் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. சமதளமான, ஆளரவமற்ற பாதையில் அது ஓரளவுக்கு உண்மையே. ஆனால் வாகனங்கள் விரையும் நகரச் சாலையில் நடப்பவர், அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதைக் கண்ணால் தேர்ந்து, பின்னால் வரும் வாகனத்தின் தொலைவைக் காதால் கணித்து, எதிரே வருபவர் எந்தப் பக்கம் விலகுவார் என்பதை முன்கூட்டியே ஊகித்து, இவை அனைத்தையும் ஓரிரு நொடிகளுக்குள் ஒருங்கிணைக்க வேண்டியிருக்கிறது. இந்த வேலையில் மூழ்கியிருக்கும் மூளையிடம் கைப்பேசித் திரை இரண்டாவது வேலை ஒன்றையும் ஒப்படைக்கும்போது என்ன நேர்கிறது என்பதை உளவியலும் உடலியக்கவியலும் விரிவாக ஆராய்ந்துள்ளன. கைப்பேசி நடப்பவரின் கவனத்தைக் குறைக்கிறது என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், கணநேரக் கவனக்குறைவு ஒன்று உயிரிழப்பாக முடிவதற்கு வேறு எவையெல்லாம் துணைபோகின்றன, அவற்றுள் எதற்கு யார் பொறுப்பேற்க வேண்டும் என்பதில் நகர நிர்வாகங்களும் நீதிமன்றங்களும் பொறியாளர்களும் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை.

கண் கண்டும் மனம் காணாமை

ஒரு பொருளின் பிம்பம் விழித்திரையில் தெளிவாக விழுந்தும், கவனம் வேறொன்றில் குவிந்திருப்பதால் அப்பொருள் உணரப்படாமலே போகும் நிலையை உளவியலாளர்கள் கவனமின்மைக் குருட்டுநிலை என்று அழைக்கின்றனர். 1999-இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் ஆகிய இருவரும் நடத்திய ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற சான்றாகும். கூடைப்பந்தை ஒருவருக்கொருவர் வீசிக்கொள்ளும் குழுவினரின் காணொளியைக் காட்டி, பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணுமாறு அவர்கள் பார்வையாளர்களைப் பணித்தனர். அந்தக் குழுவின் நடுவே கொரில்லா வேடமணிந்த ஒருவர் வந்து, மார்பில் அடித்துக்கொண்டு கடந்து சென்றதைப் பார்வையாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கவனிக்கவே இல்லை.

இதே நிலை நடப்பவர்களிடமும் தோன்றுகிறதா என்பதை அமெரிக்காவின் வெஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐரா ஹைமன் தம் குழுவினருடன் ஆராய்ந்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டார். பல்கலைக்கழக வளாகத்தின் சதுக்கத்தில் ஒற்றைச் சக்கர மிதிவண்டியில் கோமாளி ஒருவரைச் சுற்றிவரச் செய்து, அவ்விடத்தைக் கடந்தவர்களிடம் அவரைக் கண்டீர்களா என்று கேட்டபோது, எந்தக் கருவியும் இல்லாமல் தனியே நடந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரும், இசை கேட்டபடி சென்றவர்களில் அதைவிடச் சற்று அதிகமானோரும், இருவராகப் பேசிக்கொண்டு சென்றவர்களில் பத்தில் ஏழு பேரும் கண்டதாகக் கூறினர். கைப்பேசியில் பேசியபடி நடந்தவர்களிலோ நான்கில் ஒருவரே கண்டிருந்தார். இவர்கள் திரையை நோக்கிக் குனிந்திருக்கவில்லை. கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு முன்னோக்கியே நடந்தனர். ஆகவே கையையும் கண்ணையும் விடுவித்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்ற எண்ணம் சரியன்று. உடன் நடப்பவருடன் பேசுவது இந்த அளவுக்குக் கவனத்தை உறிஞ்சாததற்கு ஒரு விளக்கம் உண்டு: உடன் வருபவரும் அதே சாலையைப் பார்க்கிறார், வாகனம் நெருங்கினால் பேச்சை நிறுத்துகிறார், தேவையானால் கையைப் பிடித்து இழுக்கிறார். தொலைவில் இருந்து பேசுபவருக்கு அந்தச் சாலை தெரியாது.

நடையும் கூட்டமும்

கவனம் சிதறும்போது நடையின் இயக்கமும் மாறுகிறது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் லாம்பெர்க், லிசா முராடோரி ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நடந்துகொண்டே குறுஞ்செய்தி தட்டச்சு செய்தவர்களின் வேகம் 33 சதவீதம் குறைந்ததும், அவர்கள் நேர்க்கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகும் அளவு 61 சதவீதம் கூடியதும் பதிவாகின. நினைவாற்றலில் செயல் நினைவு எனப்படும் பகுதி, நடந்துகொண்டிருக்கும் வேலைக்குத் தேவையான தகவல்களைக் குறுகிய நேரத்துக்கு ஏந்திவைத்திருக்கிறது. அதன் கொள்ளளவு மிகச் சிறியதாதலால், செய்தியின் அடுத்த சொல்லும் செல்லவேண்டிய இடத்தின் திசையும் ஒரே நேரத்தில் அதில் இடம் கேட்கும்போது இரண்டில் ஒன்று நழுவுகிறது. வேகத்தைக் குறைத்துக்கொள்வது இந்த நெருக்கடிக்கு உடல் தானாகவே காணும் ஈடாகும். நடைபாதையில் இந்த ஈடு பயன்தருகிறது. சாலையைக் கடக்கும்போதோ அதுவே வாகனங்களின் முன் நிற்கும் நேரத்தை நீட்டித்துவிடுகிறது.

ஒருவரது கவனச்சிதறல் அவரோடு நின்றுவிடுவதில்லை என்பதை ஜப்பானில் ஹிசாஷி முராகாமி, கிளாடியோ ஃபெலிசியானி ஆகியோர் அடங்கிய குழு 2021-இல் காட்டியது. எதிரெதிராக நடக்கும் இரு கூட்டங்கள் எவருடைய கட்டளையும் இன்றித் தாமாகவே வரிசைகளாகப் பிரிந்து ஒன்றையொன்று ஊடுருவிச் செல்வது முன்பே அறியப்பட்ட நிகழ்வாகும். இக்குழு ஒரு கூட்டத்தின் முன்னணியில் மூவரை மட்டும் கைப்பேசியில் கணக்குப் போட்டபடி நடக்கச் செய்தபோது, வரிசைகள் உருவாவது தாமதமாகி, இரு கூட்டங்களின் வேகமும் குறைந்தது. கைப்பேசியைப் பார்க்காதவர்களும்கூடத் தடுமாறினர் என்பதே இதில் முக்கியமான கண்டுபிடிப்பு. மோதலைத் தவிர்ப்பது தனியொருவரின் திறமையால் நிகழ்வதன்று. ஒவ்வொருவரும் மற்றவரின் அசைவை ஊகித்து, தம் அசைவையும் மற்றவர் ஊகிக்கும்படி வெளிப்படுத்துவதால் கூட்டாக நிகழ்வது. தெருவைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் பொறுப்பில் பங்கு உண்டு என்பதற்கு அறிவியல் தரும் அடிப்படை இதுவாகும்.

இதன் மறுபக்கமும் கருதத்தக்கது. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜோனாதன் மேத்திஸ் உள்ளிட்டோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கரடுமுரடான நிலத்தில் நடப்பவர்களின் பார்வை பெரும்பாலும் தரையிலேயே, ஏறத்தாழ இரண்டடிகள் எடுத்துவைக்கும் தொலைவில் நிலைகொண்டிருந்தது; நிலம் சீரானபோது அவர்களின் பார்வை நிமிர்ந்தது. உடைந்த கற்பலகைகள், மேலெழும்பிய மழைநீர் வடிகால் மூடிகள், நடுவில் நிறுத்தப்பட்ட இருசக்கர வாகனங்கள், மின்பகிர்வுப் பெட்டிகள் ஆகியவை நிறைந்த நடைபாதையும் இதே முறையில் நடப்பவரின் தலையைக் குனிய வைக்கிறது. கைப்பேசி திருடும் கவனத்தைப் பற்றிப் பேசுகிற விவாதங்கள், மோசமான நடைபாதை திருடும் கவனத்தையும் அதே கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

இரண்டு நொடிகளின் இயற்பியல்

கவனச்சிதறலின் விளைவு, அதற்கு ஆட்படுபவரின் நிறையையும் வேகத்தையும் பொறுத்துப் பெரிதும் வேறுபடுகிறது. நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் இரண்டு நொடிகள் திரையைப் பார்த்தால், அதற்குள் அவர் கடக்கும் தொலைவு 2.4 மீட்டர்; மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் ஓட்டுநர் அதே இரண்டு நொடிகள் திரையைப் பார்த்தால், வாகனம் ஏறத்தாழ 28 மீட்டர் சென்றுவிடுகிறது. இயங்கும் பொருள் ஏந்தியிருக்கும் இயக்க ஆற்றல், நிறைக்கு நேர் விகிதத்திலும் வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் அமைகிறது. இதன்படி 70 கிலோ எடையுள்ள மனிதர் நடக்கும்போது அவரிடம் உள்ள ஆற்றல் சுமார் 50 ஜூல். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் 1,200 கிலோ எடையுள்ள காரின் ஆற்றல் சுமார் 1,16,000 ஜூல். இரண்டும் 2,000 மடங்குக்கு மேல் வேறுபடுவதால், இருவரின் தவறும் ஒன்றே என்று சொல்வது இயற்பியலுக்குப் பொருந்தாது.

வாகனத்தின் வேகம், பாதசாரியின் தவறைத் திருத்துவதற்குக் கிடைக்கும் அவகாசத்தையும் தீர்மானிக்கிறது. ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிப்பதற்கு ஒரு நொடி ஆகிறது என்று கொண்டால், உலர்ந்த சாலையில் 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் 13 அல்லது 14 மீட்டருக்குள் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்தத் தொலைவை எட்டும்போதுதான் அதன் ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடுகிறது. அங்கே ஒருவர் நின்றிருந்தால் வேகம் சிறிதும் குறையாமலே கார் அவர்மீது மோதும். அமெரிக்க விபத்துத் தரவுகளைக் கொண்டு 2011-இல் செய்யப்பட்ட கணிப்பு ஒன்று, மோதும் வேகம் மணிக்கு 37 கி.மீ. ஆக இருந்தால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் என்றும், 68 கி.மீ. ஆக இருந்தால் 50 சதவீதம் என்றும் காட்டியது. ஆகவே பாதசாரி செய்த அதே பிழை, ஒரு சாலையில் கடிந்துரையோடும் மற்றொரு சாலையில் மரணத்தோடும் முடிகிறது.

புள்ளிவிவரங்கள் காட்டுவதும் காட்டாததும்

அமெரிக்காவில் 2009-இல் 4,100-க்குச் சற்று மேற்பட்டதாக இருந்த பாதசாரி உயிரிழப்பு, 2022-இல் 7,500-ஐத் தாண்டியது. திறன்பேசிகள் பரவிய காலமும் இதுவே என்பதால், இரண்டையும் காரணமும் விளைவுமாக இணைத்துப் பேசுவது அங்கே வழக்கமாயிற்று. ஆனால், ஒரே காலத்தில் நிகழ்ந்த இரண்டு மாற்றங்களுள் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று நிறுவுவதற்கு அந்த உடன்நிகழ்வு மட்டும் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மக்களும் அதே ஆண்டுகளில் அதே கருவிகளை வாங்கினர்; ஆயினும் 2010-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அங்கே பாதசாரி உயிரிழப்பு குறைந்தது. அமெரிக்க உயிரிழப்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இருளில் நிகழ்கின்றன என்பதும், அங்கே உயரமான முகப்புடைய பெரிய வாகனங்கள் பெருகியிருக்கின்றன என்பதும் வேறு விளக்கங்களை நோக்கி இட்டுச்செல்கின்றன. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனங்கள், 30 அங்குலத்துக்கு உட்பட்டுச் சரிந்த முகப்புடைய வாகனங்களைவிட, மோதும்போது பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டறியப்பட்டது. நியூயார்க் நகரப் போக்குவரத்துத் துறையும் 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், நடப்பவர்களின் கைப்பேசிப் பயன்பாடு உயிரிழப்புகளுக்குக் குறிப்பிடத்தக்க அளவில் காரணமாகிறது என்பதற்கு உறுதியான சான்று மிகக் குறைவு என்றே கூறியது.

இதனால் கைப்பேசி ஆபத்தற்றது என்று ஆகிவிடாது. 2004 முதல் 2011 வரை அமெரிக்காவில் காதொலிப்பான் அணிந்திருந்த பாதசாரிகள் காயமுற்ற அல்லது இறந்த 116 நிகழ்வுகளைத் தொகுத்த ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவற்றில் மோதியது ரயில் என்று தெரியவந்தது. விலகிச் செல்ல இயலாததும் எளிதில் நிறுத்த முடியாததுமான ரயிலுக்கு முன்னே எல்லாச் சுமையும் நடப்பவரின் காதுமேலும் கண்மேலுமே விழுகிறது. வேகத்தைக் குறைப்பதற்குப் பதிலாக ஹாரன் ஒலித்து வழிகேட்பது வழக்கமாகிவிட்ட இந்தியச் சாலைகளிலும் காதை அடைத்துக்கொள்வது கூடுதல் ஆபத்தாகிறது. ஆயினும், அந்த ஆபத்தின் ஒரு பகுதியை உண்டாக்குவது, ஒலியை எழுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்ற ஓட்டுநர் பழக்கமே.

தடையும் தரைவிளக்கும்

நகரங்கள் இச்சிக்கலை எதிர்கொண்ட விதங்கள் பலவாகும். ஹவாயின் ஹொனலூலு நகரம், சாலையைக் கடக்கும்போது கைப்பேசித் திரையைப் பார்ப்பதற்குத் தடைவிதித்து, முதல் முறை 15 முதல் 35 டாலர் வரையும், மீண்டும் மீண்டும் மீறுவோருக்கு 99 டாலர் வரையும் அபராதம் விதிக்கும் சட்டத்தை 2017 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானின் யமாடோ நகரம் 2020 ஜூலையில் பொதுஇடங்களில் நடந்தபடியே திறன்பேசியைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தபோதிலும் தண்டனை எதையும் வைக்கவில்லை. பொது ஒழுக்கத்தை நினைவூட்டுவதே அதன் நோக்கமாக இருந்தது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரம் 2016-இல் டிராம் நிறுத்தங்களின் அருகே தரையிலேயே சிவப்பு விளக்குகளைப் பதித்தது. நெதர்லாந்தின் போடகிராவன் நகரம் அடுத்த ஆண்டு அதுபோன்ற ஒளிப்பட்டைகளைச் சாலை கடக்குமிடத்தில் அமைத்தபோது, இது தவறான பழக்கத்துக்குப் பரிசளிப்பதாகும் என்று அந்நாட்டின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று எதிர்ப்புத் தெரிவித்தது. மனிதர் எப்படி இருக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோருக்கும், மனிதர் எப்படி இருக்கிறார் என்பதிலிருந்து தொடங்குவோருக்கும் இடையிலான வேறுபாடே இந்த எதிர்ப்பில் வெளிப்பட்டது.

பொறுப்பு இடம்மாறிய வரலாறு

சாலையில் நேரும் மோதலுக்குப் பாதசாரியே முதற்பொறுப்பு என்ற கருத்து மோட்டார் வாகனத்தோடு கூடவே பிறந்ததன்று. அமெரிக்க வரலாற்றாசிரியர் பீட்டர் நார்ட்டன் காட்டுவதுபோல, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்க நகரத் தெருக்கள் நடப்போர்க்கும் விளையாடும் குழந்தைகளுக்கும் உரிய இடங்களாகவே கருதப்பட்டு, ஒருவர் கார் மோதி இறந்தால் காரே குற்றவாளியாக நின்றது. 1923-இல் சின்சினாட்டி நகர மக்கள் 42,000 பேர், கார்கள் மணிக்கு 25 மைலுக்கு மேல் செல்லாதபடி தடுக்கும் கருவியைக் கட்டாயமாக்கக் கோரும் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டனர். இதைக் கண்டு விழித்துக்கொண்ட மோட்டார் வணிகத்தினர் அதை எதிர்த்துப் பரப்புரை செய்து வாக்கெடுப்பில் தோற்கடித்ததோடு, கண்ட இடத்தில் சாலையைக் கடப்பவரைக் கேலிக்கு உரியவராகவும் குற்றவாளியாகவும் சித்திரிக்கும் முயற்சிகளிலும் இறங்கினர். 1925-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் இயற்றிய போக்குவரத்து விதிகள், பாதசாரியைக் குறிப்பிட்ட கடவைகளுக்குள் அடக்கி, பிற நகரங்களுக்கு முன்மாதிரியாயின. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2023 முதல் கலிபோர்னியா மாநிலம், மோதும் ஆபத்து உடனடியாக இல்லாதபோது கடவைக்கு வெளியே கடப்பவர்களைக் காவல்துறை தடுத்து அபராதம் விதிப்பதை நிறுத்திக்கொண்டது.

பொறுப்பைப் பகுத்தல்

விபத்தை ஒருவரது தவறின் விளைவாகக் காண்பதைவிட, பல தடுப்புகள் ஒருசேரத் தோற்றதன் விளைவாகக் காண்பதே பொருத்தம் என்பது பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் வகுத்த கொள்கையாகும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சல்லடைகளில் எல்லாத் துளைகளும் நேர்க்கோட்டில் அமைந்தால் மட்டுமே ஊசி ஊடுருவிச் செல்வதுபோல, நடப்பவரின் கவனக்குறைவு, ஓட்டுநரின் வேகம், விளக்கில்லாத தெரு, தொலைவில் உள்ள கடவை ஆகியவை ஒரே கணத்தில் கூடும்போதே உயிரிழப்பு நேர்கிறது. இவற்றுள் மனிதரின் கவனம் என்ற அடுக்கை எவ்வளவு அறிவுறுத்தினாலும் துளையற்றதாக்க முடியாது. மற்ற அடுக்குகளைப் பொறியியலாலும் சட்டத்தாலும் வலுப்படுத்த முடியும்.

ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-இல் ஏற்றுக்கொண்ட, உயிரிழப்பே இல்லாத சாலைகளை இலக்காகக் கொண்ட கொள்கை இவ்வாறே பொறுப்பைப் பகுக்கிறது. சாலையைப் பயன்படுத்துவோர் விதிகளைப் பின்பற்றக் கடமைப்பட்டவர்கள். அறியாமையாலோ மறதியாலோ அவர்கள் தவறும்போது அத்தவறு மரணத்துக்கு இட்டுச்செல்லாதபடி அமைப்பை மாற்றும் இறுதிப் பொறுப்பு, சாலையையும் வாகனத்தையும் வடிவமைப்பவர்களைச் சேர்ந்தது. பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் வேக வரம்பை 30 கி.மீ. ஆக்கிய ஹெல்சின்கி நகரம், 2024 ஜூலையிலிருந்து ஓராண்டு முழுவதும் சாலை உயிரிழப்பு ஒன்றுகூட இன்றிக் கழிந்ததாக அறிவித்தது. அந்நகர மக்களும் கைப்பேசியோடுதான் நடக்கிறார்கள். நெதர்லாந்தின் சட்டம் இழப்பீட்டிலும் இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் கொள்கிறது: மோட்டார் வாகனம் மோதிக் காயமுறும் பாதசாரி 14 வயதுக்கு உட்பட்டவராயின் பொதுவாக முழு இழப்பீடும், அதற்கு மேற்பட்டவராயின், தவிர்க்கவே இயலாத சூழல் இருந்ததை ஓட்டுநர் தரப்பு நிறுவினாலன்றி, அவரிடம் தவறு இருந்தாலும் குறைந்தது பாதி இழப்பீடும் கிடைக்கிறது.

இந்தியாவில் இக்கேள்வி மேலும் கூர்மையானது. 2022-இல் நாட்டின் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். நாளொன்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பேர். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுநெறிகள், நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டராகவும், சாலையிலிருந்து அதன் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்கின்றன. இந்த அளவுகளைக் காணாத தெருக்களில் நடப்பவர், கைப்பேசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாகனங்களோடு கலந்தே நடக்க வேண்டியிருக்கிறது. சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் சாராப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றதும், 2019-இல் தியாகராய சாலையில் அகன்ற நடைபாதை வளாகத்தைத் திறந்ததும், இத்தகைய மாற்றம் நெரிசல் மிகுந்த கடைத்தெருவிலும் இயலும் என்பதைக் காட்டின. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறியது. அதே ஆண்டு அக்டோபரில், பாதசாரிகளின் பாதுகாப்புக்கும் சாலை வடிவமைப்புக்கும் உரிய விதிகளை ஆறு மாதங்களுக்குள் வகுக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், வடிவமைப்புத் தரங்களைப் பின்பற்றத் தவறி உயிரிழப்புக்குக் காரணமாகும் சாலை அமைப்பாளர்க்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க ஏற்கெனவே இடமளித்துள்ளது.

இவற்றையெல்லாம் தொகுத்துக் காணும்போது பொறுப்பின் பங்கீடு ஓரளவு தெளிவாகிறது. நடப்பவரின் பங்கு சிறியது, ஆனால் உண்மையானது: சாலையின் விளிம்பை அடைந்ததும் உரையாடலையும் திரையையும் நிறுத்திவிட்டுக் கடப்பதற்குத் தேவைப்படுவது சில நொடிகளே. அதைவிடப் பெரிய பங்கு, இரண்டாயிரம் மடங்குக்கு மேற்பட்ட ஆற்றலைக் கையில் வைத்திருக்கும் ஓட்டுநருடையது. வேகத்தையும் அகலத்தையும் வெளிச்சத்தையும் தீர்மானிக்கும் நிர்வாகத்தின் பங்கு அனைத்திலும் பெரியது. ஏனெனில், அதன் ஒரு முடிவு ஆயிரக்கணக்கானோரின் தவறுகளை ஒரே நேரத்தில் பொறுத்துக்கொள்ளவோ தண்டிக்கவோ செய்கிறது. இப்பங்கீடு நடைமுறைக்கு வர வேண்டுமானால் விபத்துப் பதிவு முதலில் மாற வேண்டும். சென்னை ஐஐடி உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம், காவல்துறையினர் பதியும் விபத்து விவரத்தைச் சாலைப் பொறியாளரின் ஆய்வோடு இணைப்பதற்கு இப்போதே வழிசெய்கிறது. இறந்தவரின் கையில் கைப்பேசி இருந்ததா என்ற கேள்வியோடு, மோதிய வாகனத்தின் வேகம் என்ன, தெருவிளக்கு எரிந்ததா, அருகிலுள்ள கடவை எத்தனை மீட்டர் தொலைவில் இருந்தது, நடைபாதையின் அகலம் எவ்வளவு என்ற கேள்விகளுக்கும் ஒவ்வொரு விபத்திலும் விடை பதிவானால்தான், அடுத்த விபத்தைத் தடுக்க எங்கே பணத்தையும் சட்டத்தையும் செலுத்துவது என்பதை ஊகத்தின்றித் தீர்மானிக்க இயலும்.